துக்கத்தின் அளவு

சென்ற வருஷம் என் நண்பர் ஒருவருடைய மனைவி காலமானார். இருபத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். நண்பர் எழுத்தாளர் அல்ல. கணக்கு எழுதிப் பிழைத்தவர். ஆனால் தமிழ் நன்றாகத் தெரியும். யாப்பிலக்கணம் என்னைவிட நன்றாகத் தெரியும். நான் துக்கம் விசாரித்துவிட்டு வந்து மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு நோட்டுப் புஸ்தகம் தபாலில் வந்தது. உள்ளே நாற்பது பாட்டுக்கள். நாற்பதும் அறுசீர் விருத்தம். மேலே ஒரு துண்டுக் காகிதத்தில், “படித்துவிட்டு அபிப்பிராயம் எழுதும். முகஸ்துதி வேண்டாம்” என்று எழுதியிருந்தார்.

ஒரு மனிதன் தன் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு அழுதிருக்கிறான். அந்த அழுகையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நான் யார்? படித்தேன், மூடி வைத்தேன். மறுபடியும் எடுத்துப் படித்தேன். தளை தட்டவில்லை, மோனை தவறவில்லை, எதுகை ஒவ்வொரு பாட்டிலும் நாலு அடிக்கும் ஒழுங்காக நின்றது. ஆனாலும் என் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. அந்த அம்மாள் கையால் நான் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். அவரை நினைத்தால் வருகிற கண்ணீர், அவரைப் பற்றிய பாட்டைப் படித்தால் வரவில்லை. இது ஏன் என்று எனக்குப் புரிந்தாகவேண்டியிருந்தது. பதில் எழுதவேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. கதை எழுதுகிறவனுக்கும் இதே ஆபத்து தினமும் காத்திருக்கிறது.

மூன்றாம் முறை படித்தபோது ஒன்று தென்பட்டது. முதல் அடியில் ‘கண்’ வந்தால் நாலாவது அடி முடிவதற்குள் மண், விண், பெண் மூன்றும் வந்து வரிசையில் நின்றுவிடுகின்றன. ‘நெஞ்சு’ வந்தால் நஞ்சும் பஞ்சும் தயாராக இருக்கின்றன. நண்பர் அழ ஆரம்பித்தது நிஜம். முதல் அடியில் அது தெரிகிறது. இரண்டாவது அடியில் எதுகை அவர் கையைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கப்புறம் அது இழுத்த இழுப்புக்குப் போகிறார். மனைவி பஞ்சணையில் படுத்ததாக ஒரு பாட்டில் எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் பஞ்சணை கிடையாது, கோரைப் பாய்தான்.

அப்படியானால் குற்றம் யாப்பின் மேல்தானே என்று நீங்கள் கேட்கலாம். பலபேர் கேட்டிருக்கிறார்கள். 1959இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய பிறகு தமிழில் எழுந்த பெரிய சண்டைகளில் ஒன்று இதுதான். உண்மையான உணர்ச்சிக்கும் எதுகை மோனைக்கும் என்ன சம்பந்தம், நிஜமாகவே துக்கப்படுகிறவன் மோனை தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா என்று கேட்டார்கள். வாலிபத்தில் நானும் அந்தக் கட்சிதான். இன்றைக்கும் அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். மீதிப் பாதியைப் பற்றி எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது ஏழு அடியில் ஒரு பாட்டு.

புறநானூற்றில் 245ஆவது பாட்டு அது. பாடியவன் ஒரு சேர அரசன். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்று பெயர். அவனுடைய பெருங்கோப்பெண்டு, அதாவது பட்டத்தரசி, இறந்தபோது சொல்லியது என்று பாட்டின் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது. துறை, கையறுநிலை. அந்த அரசியின் பெயர் என்ன? குறிப்பு சொல்லவில்லை. பதவிப் பெயர்தான் இருக்கிறது. அரசனுக்கு வந்த கதியும் விசித்திரமானதுதான். கோட்டம்பலம் என்ற இடத்தில் அவன் இறந்தான். மற்றச் சேரமான்களிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்கு அதையே அவன் பெயரோடு சேர்த்துவிட்டார்கள். ‘நான் இன்னும் ஏன் சாகவில்லை’ என்று பாடியவன், செத்த இடத்தின் பெயரால் நமக்குத் தெரியவருகிறான்.

பாட்டில் அவன் சொல்வது இவ்வளவுதான். என் துயரம் பெரிது, பெரிது என்கிறேனே, என் உயிரைப் போக்கும் வலிமை அதற்கு இல்லை என்கிறபோது அதன் அளவுதான் என்ன? கள்ளி முளைத்துக் கிடக்கும் பாழ்நிலத்தில், வெட்டவெளியில், விறகு அடுக்கி மூட்டிய ஈமத் தீயைப் படுக்கையாக்கி அதில் கிடத்தியாயிற்று. அவள் போய்விட்டாள். நான் இருக்கிறேன். இது என்ன இயல்பு?

இதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவள் அழகைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கண்ணீர் கிடையாது. வானம் இடிந்து விழவில்லை. தன் ராஜ்யம், யானை, குதிரை எதையும் அவன் இழுக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் வசனத்தில் சொல்லிவிடலாம். நானே இப்போது சொல்லிவிட்டேன். ஆனால் என் வசனத்தைப் படித்துவிட்டுப் பாட்டைப் போய்ப் படியுங்கள். வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தேடினால் யாப்பில் போய் முட்டிக்கொள்கிறோம்.

கல்லூரியில் நான் இருந்தது இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் தமிழாசிரியர் யாப்பருங்கலக்காரிகையை உருப்போட வைத்தார். பெரும்பாலும் மறந்துவிட்டது. ஆசிரியப்பாவுக்கு ஓசை அகவல் என்பதும், அதன் வகைகளில் நேரிசை ஆசிரியப்பா என்பதற்கு எல்லா அடியும் நாலு சீராக இருக்க, கடைசிக்கு முந்திய அடி மட்டும் மூன்று சீராகக் குறைந்து வரும் என்பதும் மட்டும் நினைவில் நின்றன. அப்போது அது பரீட்சைக்கு இரண்டு மார்க். ஏன் குறைய வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

மாக்கோதையின் பாட்டு நேரிசை ஆசிரியப்பா. ஏழு அடி. அதில் ஆறாவது அடிதான் குறைகிற அடி. அந்த இடத்தில் அவன் எதை வைத்திருக்கிறான் தெரியுமா? அவள் இறந்ததை. அங்கே, இறந்தாள், அவள் என்ற மூன்றே சொல். ஒவ்வொன்றும் ஒரு சீர். அடை கிடையாது, உவமை கிடையாது. ஐந்து அடிகள் நாலு நாலு சீராக நடந்து பழகிய காது நாலாவது சீருக்குக் காத்திருக்கிறது. அது வரவில்லை. மாடிப் படியில் இருட்டில் இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்து, இல்லாமல் தரையில் இடிப்பது போல இருக்கிறது. அந்த இடியில்தான் எனக்கு அவள் இறந்தது உறைத்தது.

நாலு சீர் அடிக்கு இலக்கணம் வைத்திருக்கும் பெயர் அளவடி. துக்கத்தின் அளவு என்ன என்று கேட்டு ஆரம்பிக்கிறவன், சாவைச் சொல்கிற இடத்தில் அளவில் ஒரு சீர் குறைந்துபோகிறான். இதை அவன் யோசித்துத்தான் செய்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பெயர்ப் பொருத்தம் தற்செயலாக இருக்கலாம்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். நேரிசை ஆசிரியம் எல்லாவற்றிலும் அந்த அடி குறையத்தானே செய்கிறது, இவனுக்கு மட்டும் என்ன பெருமை என்று. சரியான ஆட்சேபம். குறுந்தொகையை எடுத்துப் பாருங்கள். மூன்றாவது பாட்டில், காதல் நிலத்தைவிடப் பெரிது என்று சொல்கிற அந்தப் பிரசித்தமான பாட்டில், குறைந்த அடியில் இருப்பது கரிய காம்புள்ள குறிஞ்சிப் பூ. நாற்பதாவது பாட்டில் செம்மண்ணில் பெய்த மழை. இரண்டும் அழகு. ஆனால் அங்கே அந்தக் குறைவு ஒரு மூச்சு வாங்கல். கடைசி அடிக்குப் பாய்வதற்கு முன் ஒரு கணம் நின்று கொள்வது. மாக்கோதை அதே இடத்தை எடுத்துக்கொண்டு அதில் ஓர் இழப்பை வைத்தான். இடத்தைக் கொடுத்தது யாப்பு. அதில் எதை வைப்பது என்று தீர்மானித்தது மனிதன். யாப்பு என்றால் முன்கூட்டியே பேசி முடித்த ஏற்பாடு என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

எதுகைக்கு வருகிறேன். இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அகவலில் அடிக்கு அடி எதுகை வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. விருத்தத்தில் அது சட்டம். அகவலில் வந்தால் வரலாம், போனால் போகலாம். மாக்கோதையின் முதல் இரண்டு அடிகளில் எதுகை இல்லை. துக்கத்தைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கிற அடிகள் அவை. பேச்சு மாதிரி, கொஞ்சம் வறட்சியாகக்கூட, போகின்றன. மூன்றாவது அடியில் சுடுகாடு வருகிறது. உடனே எதுகை பிடித்துக்கொள்கிறது. மூன்று, நாலு, ஐந்து, மூன்று அடிகளும் ‘ள்’ என்ற ஒற்றில் இரண்டாம் எழுத்தைப் போட்டு எழுகின்றன. முதலில் கள்ளிச் செடி, பிறகு வெட்டவெளி, பிறகு தீயின் ஒளி. நாக்கு மேலே மடிந்து மடிந்து அந்த ஒலியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்தாவது அடிக்குள் அதே ஒலி இரண்டாவது சீரிலும் ஒரு தடவை விழுகிறது. அந்தச் சீரில் இருக்கிற சொல் ‘பள்ளி’. படுக்கை.

இந்தப் பாட்டில் காதல் எங்கே என்று கேட்டால் நான் அந்த ஒரு சொல்லைத்தான் காட்டுவேன். அவளும் அவனும் எத்தனை வருஷம் பகிர்ந்துகொண்ட படுக்கையோ, அதை வேறு எங்கும் அவன் சொல்லவில்லை. கள்ளி என்று ஆரம்பித்த எதுகை, மூன்று அடி நடந்து, பள்ளியில் கொண்டுவந்து விட்டுவிட்டது. சுடுகாட்டுச் செடிக்கும் படுக்கையறைக்கும் அர்த்தத்தில் உறவு கிடையாது. ஒலியில் இருந்தது. அந்த ஒலி உறவு, ஒரே நாளில், அவன் கண்ணெதிரே, அர்த்த உறவாகிவிட்டது. என் நண்பருடைய எதுகை அவரைக் கோரைப் பாயிலிருந்து பஞ்சணைக்குக் கடத்திக்கொண்டு போயிற்று. இவனுடைய எதுகை இவனைத் தப்பிக்க விடாமல் ஈமத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. இரண்டும் எதுகைதான்.

பிறகு ஆறாவது அடி. எதுகை டக்கென்று நின்றுவிடுகிறது. தீ எரிகிற வரையில் இருந்த ஒலி, அவள் மறைந்தவுடன் இல்லை. அதற்குப் பதிலாக, மிக மெல்லியதாக, முதல் அடியின் முதல் சொல்லில் கேட்ட ‘ங்’ என்ற ஒலி இந்த அடியின் முதல் சொல்லில் திரும்ப வருகிறது. நாலு அடி கடந்து வந்ததால் காதுக்குப் பாதிதான் கேட்கும். எவ்வளவு பெரிது என்று கேட்ட கேள்வி, இதோ, இவ்வளவு என்று இங்கே வந்து தொடுகிறது. இதை ஒரு பத்துத் தடவை வாய்விட்டுப் படித்த பிறகுதான் நான் கண்டுகொண்டேன். ஆகையால் ரொம்பவும் அழுத்திச் சொல்லவில்லை.

‘ள்’ என்ற இந்த ஒலியோடு வேறொரு புலம்பலும் என் நினைவுக்கு வருகிறது. கம்பனில், இராவணன் உடல்மேல் விழுந்து மண்டோதரி அழுகிற இடம். இராமனுடைய அம்பு அவன் உடம்பு முழுவதும் சல்லடையாகத் துளைத்திருக்கிறது. சீதைமேல் வைத்த காதல் உள்ளே எங்கே ஒளிந்திருக்கிறது என்று தடவித் தேடிற்றோ அந்த அம்பு என்று கேட்கிறாள். புருஷன் பிணத்தின் மேல் விழுந்து அழும்போதுகூட அந்த இன்னொருத்தியின் பெயர் வாயில் வருகிறது பாருங்கள். காதலும் துக்கமும் பொறாமையும் ஒரே பாட்டில். அது விருத்தம், நாலு அடிக்கும் எதுகை கட்டாயம், அங்கேயும் எதுகை ‘ள்’தான். சிவன் சூடும் எருக்கம்பூவில் ஆரம்பித்து, அடுத்த அடியில் எள்ளளவுக்குச் சுருங்கி, மூன்றாவது அடியில் சீதையின் கூந்தல் பூவில் இருக்கும் தேனைத் தொட்டு, நாலாவது அடியில் நெஞ்சுக்கு உள்ளே போய்விடுகிறது. வெளியிலிருந்து உள்ளே போகிற வழியைக் கம்பனுக்கு எதுகையே போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆக, விருத்தத்தின் மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. நண்பருக்கு அந்தச் சமாதானத்தையும் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

ஆனால் அந்தப் பாட்டுக்கும் இந்தப் பாட்டுக்கும் மனநிலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மண்டோதரி போர்க்களத்தில் உலகமறிய அழுகிறாள். விருத்தம் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. அடிக்கு ஆறு சீர், அலை மாதிரி வந்து மோதுகிறது. அழுது முடித்ததும் அவன் மேலேயே உயிரை விட்டுவிடுகிறாள். அகவலுக்கு அந்த அலை கிடையாது. மாக்கோதைக்கு அது வேண்டியும் இல்லை. அவன் யாரிடமும் அழவில்லை. தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்துகொள்கிறான்.

புறநானூற்றைத் தொகுத்தவர் யாரோ, அவர் பெரிய ரசிகராக இருக்க வேண்டும். இந்தப் பாட்டுக்கு அடுத்ததாக, 246ஆவதாக, பூதபாண்டியன் தேவி பாடியதை வைத்திருக்கிறார். கணவன் ஈமத்தில் ஏறப் போகிறாள் அவள். தடுக்கிற சான்றோர்களைப் பார்த்துக் கோபமாகப் பேசுகிறாள். எனக்குத் தாமரைக் குளமும் தீயும் ஒன்றுதான் என்கிறாள். அதன் கடைசி இரண்டு அடியிலும், வேடிக்கையைப் பாருங்கள், அதே ‘ள்’ எதுகை. பாட்டு நெடுக அவள் குரலில் ஒரு நிச்சயம். செத்துப்போகப் போகிறவளுக்கு நிச்சயம் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவனுக்குக் கேள்விதான் இருக்கிறது. அவன் பாட்டு கேள்வியில் தொடங்கிக் கேள்வியில் முடிகிறது.

காளிதாசனுடைய அஜனும் மனைவியை இழந்து அழுகிறான். ரகுவம்சத்தில் எட்டாவது ஸர்க்கம். மெல்ல மெல்லத் தயங்கி நடக்கிற வியோகினி என்ற விருத்தத்தில், சுலோகத்துக்கு மேல் சுலோகமாக, அழகு அழகாக அழுகிறான். அதற்கப்புறம் அவனும் எட்டு வருஷம் உயிரோடு இருக்கிறான். பிள்ளை சிறியவன், தசரதன், வளர வேண்டும் என்று காரணம் சொல்லப்படுகிறது. நல்ல காரணம். மாக்கோதைக்கும் பிள்ளை இருந்திருக்கலாம், நாடும் இருந்தது. ஒரு காரணமும் அவன் சொல்லிக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்கிற அந்த அவமானத்தை மூடுவதற்கு ஒரு துணிகூட அவன் தேடவில்லை. இதனால்தான் காளிதாசனைவிட இந்தச் சேரனிடம் எனக்கு அதிக ஒட்டுதல். பெரிய கவி யார் என்று கேட்டால் வேறு பதில் சொல்லுவேன்.

இன்னொன்று. துயரத்துக்கு அவன் போடுகிற சொல் ‘நோய்’. அகப்பாட்டுக்களிலும் திருக்குறளின் காமத்துப்பாலிலும் காதல் வேதனைக்கு வழங்குகிற சொல் அது. தலைவன் வரவில்லை என்று தலைவி படுவது நோய். இங்கே தலைவி திரும்ப மாட்டாள் என்று தலைவன் படுவதும் நோய். இரண்டு வியாதிக்கும் தமிழில் ஒரே பெயர். முன்னதற்கு மருந்து உண்டு.

போன மாதம் நேரிலேயே நண்பர் வீட்டுக்குப் போனேன். நோட்டுப் புஸ்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் காப்பி கலந்து கொண்டுவந்தார். அவரே கலந்தது, சர்க்கரை கூடுதலாகிவிட்டது. நான் அவர் பாட்டுக்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இந்த ஏழு அடியைத்தான் படித்துக் காட்டினேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டுத்தான். ஆனாலும் ஆறாவது அடி வந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “இவன் மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கொண்டிருப்பானோ?” என்று கேட்டார்.

“இருக்கலாம். ராஜா அல்லவா?” என்றேன்.

“பண்ணிக்கொண்டிருப்பான். அது தெரிந்துதான் இப்படிப் பாடியிருக்கிறான்” என்றார் அவர். இதை எந்த உரையிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கடைசி அடியை இப்போது படிக்கும்போதெல்லாம் இது காதில் விழுகிறது.

அப்புறம் அவர் சொன்னார்: “உம்மிடம் ஒன்று சொல்லவேண்டும். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். மச்சினி இலை போட்டாள். வேண்டாம் என்றேன். நாலு கவளமாவது சாப்பிடுங்கள் என்றாள். வற்றல் குழம்பு. நாலு கவளம் சாப்பிட்டேன். ருசித்தது ஐயா. மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடும்போது, இவள் கைப்பக்குவம் அவளுக்கு வராது என்று ஒரு நினைப்பு வேறு. அன்றைக்குப் போய் அந்த நினைப்பு.”

நோட்டுப் புஸ்தகம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. “இது இந்த நாற்பதில் இல்லையே?” என்றேன்.

“எழுதிப் பார்த்தேன். ருசிக்கு எதுகை பசிதான் வந்தது. அதோடு எழுந்துவிட்டேன்” என்றார்.